பெரியப்பா வேகனைத் தந்தால் வாங்கிக்கொள்வதா?

தைப்பூசத்துக்கு மறுவாரம் பட்டர்வொர்த்தில் இருக்கும் பெரியப்பா வீட்டுக்குப் போயிருந்தேன். தேநீர் குடித்து முடிப்பதற்குள் கார் சாவியை எடுத்து மேசைமேல் வைத்தார். "ராத்திரியில எதிர்லைட்டு கண்ணு கூசுதும்மா. இனிமே பாலத்துல ஓட்ட எனக்குத் தைரியம் இல்ல. நீ எடுத்துக்கிறியா?" என்றார்.

அந்த வேகனைத் தெரியாதவர்கள் எங்கள் உறவில் யாரும் இல்லை. 1996-ஆம் ஆண்டு வோல்வோ 850 டி5. ஐந்து சிலிண்டர், டர்போ, ஆட்டோ கியர். பின் இருக்கையை மடக்கிவிட்டால் தண்ணீர்ப் பந்தலுக்கு வேண்டிய அரிசி மூட்டை, கேஸ் அடுப்பு, அண்டா, வாழை இலைக் கட்டு எல்லாம் ஒரே நடையில் தண்ணீர்மலை அடிவாரத்துக்குப் போய்ச் சேரும். சிறு வயதில் நானும் தம்பியும் அந்த அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்து போயிருக்கிறோம். இன்றைக்கு அப்படிப் போனால் சம்மன்தான் வரும்.

காசில்லாமல் கார் கிடைக்கிறது, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தேன். குளுகோரில் படிக்கும் எனக்கு வாரக் கடைசியில் பிறைக்கு வீடு வந்து போக ஒரு கார் இருந்தால் எவ்வளவு வசதி! ஃபெரியில் இப்போது கார்களை ஏற்றுவதும் இல்லை, பாலம்தான் வழி. ஆனால் வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் ஆளுக்கொரு தீர்ப்பு. "அது பெட்ரோலைத் தண்ணியா குடிக்கும்" என்றார் அம்மா. "பழைய டர்போவா? ஆட்டோவா? வாசல்லயே நிக்கும்" என்றார் அண்ணன். பல்கலைக்கழக நண்பர்களோ, குறிப்பாக ஆண் நண்பர்கள், "225 குதிரைசக்தி! விட்டுடாதே" என்று துள்ளினார்கள்.

மூன்று கருத்துக்கும் பின்னால் ஒரு கணக்கும் இல்லை என்பது எனக்கு உறுத்தியது. நாம் கார் வாங்கும் விதமே இப்படித்தான் இருக்கிறது. கைப்பேசி வாங்க பத்து காணொளி பார்க்கிறோம். காரை மட்டும் யாரோ ஓர் அங்கிள் சொன்னதை வைத்து வாங்குகிறோம், அல்லது வேண்டாம் என்கிறோம். நல்லவேளை, பெரியப்பா பிறையில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் கணக்கு பார்த்தவர். அந்தக் காரை 2003-இல் பழைய காராக வாங்கிய நாளிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தில் எல்லாவற்றையும் எழுதி வைத்திருக்கிறார். தேதி, மீட்டர், எத்தனை லிட்டர், எத்தனை வெள்ளி, எந்தப் பொருள் மாற்றியது, எல்லாம். நான்காவது நோட்டு இப்போது ஓடுகிறது. அவற்றை இரவல் வாங்கி வந்து இரண்டு இரவு உட்கார்ந்து பார்த்தேன்.

முதலில் அம்மாவின் குற்றச்சாட்டு. பெட்ரோல்.

டர்போ என்பது என்னவென்று தெரிந்தால் இதில் ஒரு புதிர் இருப்பது புரியும். என்ஜினில் எரிந்து வெளியேறும் புகைக்கு வேகமும் வெப்பமும் உண்டு. சாதாரணக் காரில் அது குழாய் வழியே வீணாகப் போகிறது. டர்போ அந்தப் புகையால் சுழலும் ஒரு சிறிய காற்றாடி. அதே அச்சின் மறுமுனையில் இன்னொரு காற்றாடி இருக்கும். அது வெளிக்காற்றை அமுக்கி என்ஜினுக்குள் தள்ளும். நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலக்கூடிய பொருள் அது. சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பியூஷி 1905-இலேயே இதற்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். கப்பல்களிலும் லாரிகளிலும் நெடுங்காலம் இருந்ததை 1977-இல் சாப் 99 டர்போவைக் கொண்டு குடும்பக் கார்களுக்குள் கொண்டுவந்தவர்கள் சுவீடன்காரர்கள். வோல்வோவும் அதே நாடுதான்.

வீணாகப் போகும் புகையைப் பயன்படுத்தினால் பெட்ரோல் மிச்சமாகத்தானே வேண்டும்? இன்றைய சிறிய டர்போ கார்களில் ஓரளவு அப்படித்தான் நடக்கிறது. பெரிய என்ஜினுக்குப் பதில் சிறிய என்ஜினை வைத்து, வேண்டும்போது மட்டும் டர்போவால் பலம் கூட்டுகிறார்கள். 1990-களின் வேகன்களில் எண்ணமே வேறு. ஏற்கெனவே பெரிதாக இருந்த என்ஜினை இன்னும் பலமாக்க டர்போ வைத்தார்கள். 1994-இல் பிரிட்டனின் டூரிங் கார் பந்தயத்தில் வோல்வோ இந்த 850 வேகனையே ஓடவிட்டு எல்லாரையும் திகைக்க வைத்தது. (பந்தய விதிப்படி அதில் டர்போ கிடையாது, ஆனால் வேகன் என்றால் தாத்தா கார் என்ற பேச்சு அத்தோடு போயிற்று.) பெட்ரோல் மிச்சம் பிடிப்பது அவர்களின் முதல் கவலையாக இல்லை.

இன்னொரு காரணம் நாம் படிவம் நான்கு இயற்பியலில் படித்ததுதான். காற்றை அமுக்கினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள். டர்போ தள்ளும் காற்று ஏற்கெனவே சூடு. அதை சிலிண்டருக்குள் மேலும் அமுக்கினால் தீப்பொறி வருவதற்கு முன்பே பெட்ரோல் தானாகப் பற்றிக்கொள்ளும். பிஸ்டன் பிளக்கும் அளவுக்கு அது ஆபத்து. அதைத் தவிர்க்க அக்காலத்து டர்போ என்ஜின்களில் அமுக்க விகிதத்தைக் குறைத்து வைத்தார்கள். பெரியப்பா காரில் அது 8.5-க்கு 1. டர்போ இல்லாத கார்களில் 10-க்கு மேல் இருப்பது சாதாரணம். விகிதம் குறையக் குறைய ஒரே அளவு பெட்ரோலில் கிடைக்கும் வேலையும் குறையும். அதாவது டர்போ வேலை செய்யாத நேரத்தில், கிரீன் லேன் நெரிசலில் ஊர்ந்துகொண்டிருக்கும்போதும், அந்த என்ஜின் கொஞ்சம் சோம்பேறிதான். காலை அழுத்தி மிதித்தால் வேறு விதமான செலவு: சிலிண்டரைக் குளிர்விப்பதற்காகவே தேவைக்கு மேல் பெட்ரோல் தெளிக்கும். இன்றைய என்ஜின்களில் பெட்ரோலை நேராக சிலிண்டருக்குள்ளேயே தெளிப்பதால் இந்தச் சிக்கல் பெரிதும் குறைந்துவிட்டது.

அப்புறம் ஆட்டோ கியர். இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓடவிட்டால், அந்தக் காற்றில் மற்றொன்றும் சுழலும் அல்லவா? ஆட்டோ காரில் என்ஜினும் கியர்பாக்ஸும் இணைவது அப்படித்தான். காற்றுக்குப் பதில் எண்ணெய். இரண்டும் ஒரே வேகத்தில் சுழலாதபோது இடையில் நழுவும் சக்தி முழுவதும் வெப்பமாகப் போகும். நின்று நின்று நகரும் ஊரில் இது நாள் முழுக்க நடக்கும். 850-இல் இருப்பது ஜப்பானின் ஐசின் வார்னர் செய்த நான்கு கியர் பெட்டி. உழைக்கும் பெட்டி என்று பெயர் எடுத்தது. ஆனால் நான்கே கியர். இன்றைய கார்களில் ஆறு, எட்டு என்று வந்துவிட்டன.

நோட்டு என்ன சொல்கிறது? பட்டர்வொர்த், பிறை, தீவு என்று ஓடிய மாதங்களில் லிட்டருக்கு ஏறக்குறைய 8.5 கிலோமீட்டர். ஈப்போவுக்கு நெடுஞ்சாலையில் போய்வந்த நாள்களில் 11.5. அம்மாவின் மைவி எங்கள் ஓட்டத்தில் லிட்டருக்கு 14 தருகிறது. மாதம் ஆயிரம் கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால் வேகனுக்கு சுமார் 117 லிட்டர், மைவிக்கு சுமார் 71.

2025 செப்டம்பர் 30 முதல் பூடி95 திட்டத்தில் மைகார்டைக் காட்டினால் ரோன் 95 லிட்டருக்கு 1 வெள்ளி 99 காசு. தொடங்கியபோது ஆளுக்கு மாதம் 300 லிட்டர் என்றார்கள். வேகனுக்குக்கூட அது தாராளம். ஆக, மாதச் செலவு வேகனுக்கு 233 வெள்ளி, மைவிக்கு 141 வெள்ளி. வித்தியாசம் 92 வெள்ளி. ஆண்டுக்கு 1,100 வெள்ளிக்கு மேல்.

மாணவருக்கு அது சின்னத் தொகை இல்லை. ஆனாலும் "தண்ணியா குடிக்கும்" என்று பயமுறுத்தும் அளவுக்கும் இல்லை. வெளியில் பர்கர் தின்பதை நிறுத்தினால் பாதி சரியாகிவிடும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஆனால் கணக்கை இங்கேயே நிறுத்தினால் அது நேர்மை ஆகாது. திட்டம் தொடங்கியபோது மானியம் இல்லாத விலை 2 வெள்ளி 60 காசு. அப்போது லிட்டருக்கு 61 காசு அரசாங்கம் போட்டது. அந்தக் கணக்கில் வேகன் ஓட்டினால் மாதம் 71 வெள்ளி, மைவி ஓட்டினால் 43 வெள்ளி, பொதுப் பணத்திலிருந்து என் டாங்கியில் விழுகிறது. பழைய டர்போ "இப்போது கட்டுப்படியாகும்" என்று நண்பர்கள் சொல்வதில் ஒரு பகுதி காரின் சாமர்த்தியம் இல்லை, மானியத்தின் தயவு. ரோன் 97-தான் போடுவேன் என்று அடம்பிடிப்பவர்களுக்கு அந்தத் தயவும் இல்லை.

யாரும் பேசாத இன்னொரு செலவு சாலை வரி. நம் நாட்டில் அது என்ஜின் கொள்ளளவைப் பார்த்துப் போடப்படுகிறது. தீபகற்பத்தில் 1,201 முதல் 1,400 சிசி வரையுள்ள காருக்கு ஆண்டுக்கு 70 வெள்ளி. 2,000 சிசியைத் தாண்டினால் 380 வெள்ளி, அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் ஒரு வெள்ளி. பெரியப்பா காரின் என்ஜின் 2,319 சிசி. 380-உம் 319-உம் சேர்த்து 699 வெள்ளி. மைவியைவிட 629 வெள்ளி அதிகம். பெட்ரோல் வித்தியாசத்தில் பாதிக்கு மேல் இங்கேயே போய்விடுகிறது, கார் ஒரு மீட்டர்கூட நகராமலேயே! காப்புறுதியைப் பற்றி விரிவாகச் சொல்லத் தேவையில்லை. புதிதாக என் பெயரில் எடுத்தால் இழப்பீடு கோராதவருக்கான கழிவு எதுவும் இல்லாமல் சுழியத்திலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இனி அண்ணனின் குற்றச்சாட்டு. கெட்டுப்போகுமா?

இதற்கு என் வகுப்புத் தோழன் ஒருவனின் கதையைச் சொல்ல வேண்டும். அவனிடம் அனுமதி கேட்டுவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்றான். காரின் பெயரையும் விற்ற கடையின் பெயரையும் நானே விட்டுவிடுகிறேன். முதலாம் ஆண்டில் அவன் ஒன்பதாயிரம் வெள்ளிக்கு ஒரு டர்போ வேகன் வாங்கினான். ஆட்டோ. பகுதி நேர வேலையில் சேர்த்தது நாலாயிரம், மீதி பிடிபிடிஎன் கடனுதவியில் வந்த பணம். உள்ளே தோல் இருக்கை, வெளியே பளபளப்பு, டேஷ்போர்டில் எந்த எச்சரிக்கை விளக்கும் எரியவில்லை. மூன்றாம் மாதம் பாலிக் புலாவ் மேட்டில் ஏறும்போது என்ஜின் உறுமியது, கார் நகரவில்லை. கியர்பாக்ஸ் எண்ணெய் காப்பித்தூள் நிறத்தில் இருந்ததாம். பட்டறைக்காரர் டேஷ்போர்டைக் கழற்றிப் பார்த்தபோதுதான் எச்சரிக்கை விளக்கின் பல்பையே யாரோ எடுத்துவிட்டிருந்தது தெரிந்தது.

அவனுக்கு வந்த பில் 5,800 வெள்ளி. அதுவும் ஹாஃப்-கட் கடையில் எடுத்த கியர்பாக்ஸுக்கு. ஜப்பானில் ஓய்வு பெற்ற கார்களைப் பாதியாக அறுத்து, முன்பாதியை இங்கே கொண்டுவந்து விற்பார்கள் அல்லவா, அந்தக் கடை. அந்தப் பெட்டி எத்தனை கிலோமீட்டர் உழைத்தது, எண்ணெய் மாற்றினார்களா என்பது அங்கேயும் யாருக்கும் தெரியாது. பணத்தைப் புரட்ட அவன் இரவில் உணவு விநியோகம் செய்தான், அதுவும் ஒருவரிடம் மோட்டார்சைக்கிளை இரவல் வாங்கி. காலை வகுப்புகள் விட்டுப்போயின. இரண்டு பாடம் தோல்வி. இப்போது எங்களைவிட ஒரு பருவம் பின்தங்கி நிற்கிறான். அந்த வேகன் இன்னும் அவனிடம்தான் இருக்கிறது, ஓடவும் செய்கிறது. "விக்கலாம்னா வாங்க ஆளில்ல" என்று சிரிக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதே தலைமுறை வேகன், அதே டர்போ, அதே வகைக் கியர். பெரியப்பாவுடையது 30 வயதில் தண்ணீர்மலைக்கு அண்டா ஏற்றிப் போகிறது. என்ன வித்தியாசம்? நோட்டைப் புரட்டினால் தெரிகிறது. கியர்பாக்ஸ் எண்ணெய் 40,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை. ஆட்டோ கியர் எண்ணெயைக் காரின் ஆயுள் முழுக்க மாற்றத் தேவையில்லை என்று சில கார் நிறுவனங்கள் சொல்லிவந்த காலம் ஒன்று இருந்தது. ஆயுள் என்றால் யாருடைய ஆயுள், எத்தனை ஆண்டு என்று பெரியப்பா கேட்பார். எண்ணெய்தான் அந்தப் பெட்டிக்கு ரத்தம், குளிரூட்டி, கை கால் எல்லாம். நம் வெயிலிலும் நெரிசலிலும் அது சீக்கிரம் வெந்துவிடும்.

டர்போவுக்கும் எண்ணெய்தான் உயிர். சிவக்கும் அளவுக்குச் சூடேறக்கூடிய காற்றாடியின் அச்சு எண்ணெய்ப் படலத்தின் மேல்தான் மிதக்கிறது. வேகமாக ஓட்டி வந்த உடனே என்ஜினை அணைத்தால் அங்கே தேங்கிய எண்ணெய் கருகிக் கரியாகப் படியும். பெரியப்பா வீட்டு வாசலில் நிறுத்திய பிறகும் ஒரு நிமிடம் என்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பார். சிறு வயதில் வானொலிப் பாட்டு முடியக் காத்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். டைமிங் பெல்ட்டை அது அறுவதற்கு முன்பே மாற்றியிருக்கிறார். இந்த என்ஜினில் பெல்ட் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி எல்லாம் போய்விடும். ரப்பர் குழாய்கள், என்ஜினுக்குள் சேரும் ஆவியை வெளியேற்றும் சிறு குழாய் உட்பட, விரிசல் விடுமுன் மாறியிருக்கின்றன. அந்த ஆவிக் குழாய் அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் ஏறி எண்ணெய் சீல்கள் வழியே கசியும். இருபது வெள்ளிப் பொருளைப் பார்க்காமல் விட்டால் ஆயிரம் வெள்ளி வேலை. குளிர்நாட்டுக்காரர்கள் செய்த கார் என்பதால் கெடுகிறது என்று சிலர் சொல்வதுண்டு. ஷா ஆலாம் பத்து தீகாவில் வோல்வோ கார்களைப் பொருத்திய ஆலை 1967-இல் தொடங்கியது. நாட்டின் முதல் கார் பொருத்தும் ஆலையே அதுதான். இந்தக் கார்களோடு நமக்கு அரை நூற்றாண்டுக்கும் மேல் பழக்கம். கெடுவது குளிர்நாட்டு ரத்தத்தால் அல்ல, எண்ணெய் மாற்றாததால்.

நோட்டில் எனக்கு மிகவும் பிடித்தது ஒரு டிசம்பர் மாதப் பக்கம். லிட்டருக்கு 8.5 என்று வந்துகொண்டிருந்தது திடீரென்று 7.1. பக்கத்தில் பெரியப்பா ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார். அடுத்த வாரம் பட்டறை: தெர்மோஸ்டாட் திறந்தபடி சிக்கியிருந்திருக்கிறது. என்ஜின் முழுச் சூட்டுக்கு வராததால் கணினி கூடுதலாகப் பெட்ரோல் தெளித்துக்கொண்டே இருந்திருக்கிறது. சின்னப் பொருள், மாற்றியதும் பழைய எண் திரும்பிவிட்டது. விளக்கு எரிவதற்கு முன்பே நோட்டு சொல்லிவிட்டது. பெட்ரோல் செலவும் கார் கெடுவதும் நாம் நினைப்பதுபோல் இரண்டு தனிக் கேள்விகள் இல்லை. பராமரிக்காத டர்போதான் அதிகம் குடிக்கும். அதிகம் குடிக்கத் தொடங்கிய டர்போ ஏதோ சொல்ல வருகிறது.

அப்படியானால் பெரியப்பாவின் காரை நான் எடுத்துக்கொள்ள வேண்டியதுதானே? நோட்டை மூடி வைத்த பிறகு நான் இன்னொரு கணக்குப் போட்டேன். அவர் செலவுகளை ஆண்டுவாரியாகக் கூட்டினால் பயப்படும்படி ஒன்றும் இல்லை. ஆனால் அது சீராக வருவதில்லை. பதினோரு மாதம் ஒன்றும் இருக்காது. பன்னிரண்டாம் மாதம் ரேடியேட்டர், பெல்ட், பம்பு என்று ஒரே வாரத்தில் 2,600 வெள்ளி. பெரியப்பாவுக்கு அது ஒரு கசப்பான வாரம், அவ்வளவுதான். வங்கியில் அதற்கென்று ஒரு தொகை எப்போதும் வைத்திருந்தார். என் கணக்கில் இதை எழுதும்போது இருப்பது 410 வெள்ளி.

ஆகவே ஒரு கார் நம்பகமானதா என்று கேட்கும்போது காரை மட்டும் பார்த்தால் போதாது என்று நினைக்கிறேன். ஆண்டுக்கு ஒரு முறை 2,600 வெள்ளி கேட்கும் கார் பெரியப்பாவிடம் நம்பகமான கார். அதே கார் என்னிடம் வந்தால், அந்த வாரத்தில் பம்பை மட்டும் மாற்றி பெல்ட்டைத் தள்ளிப்போடுவேன். அடுத்த ஆண்டு கியர் எண்ணெயைத் தள்ளிப்போடுவேன். மூன்றாம் ஆண்டில் அது என் தோழனின் கார் ஆகிவிடும். அவன் வாங்கிய வேகனையும் யாரோ ஒரு காலத்தில் ஆசையாக வைத்திருந்து, பிறகு பணமில்லாத ஒருவர் கைக்கு மாறி, கடைசியில் பல்பு பிடுங்கப்பட்டுத்தான் அவனிடம் வந்திருக்கும்.

வோல்வோ யார் வாங்குகிறார்கள், இது எங்களுக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். இது ஐரோப்பிய வேகனோடு முடியும் விஷயம் இல்லை. 2011 டிசம்பரில் புரோட்டோன் எக்சோரா போல்ட் வந்தது. 1.6 லிட்டர் டர்போ, 138 குதிரைசக்தி, சிவிடி எனப்படும் படியில்லாத ஆட்டோ கியர். பின்னர் பிரெவே, சுப்ரிமா எஸ் ஆகியவற்றிலும் அந்த என்ஜின் வந்தது. ஏழு பேர் உட்காரும் எக்சோராதான் நம் வீடுகளின் உண்மையான வேகன். கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் போவது அதில்தான். அந்த டர்போக்களுக்கு இப்போது பத்து, பன்னிரண்டு, பதினான்கு வயது. அந்த என்ஜினின் ஆயில் கூலர் குழாய் வெடிப்பதாக உரிமையாளர்கள் புகார் செய்து, 2016-இல் நிறுவனமே கார்களைத் திரும்ப அழைத்துக் குழாயை மாற்றித் தந்தது. அங்கேயும் பாருங்கள், ஒரு ரப்பர் குழாய், எண்ணெய், வெப்பம். இன்னும் சில ஆண்டுகளில் மாணவர்கள் கைக்கு மலிவாக வந்து சேரப்போவது இந்தக் கார்கள்தான். அவற்றில் சாலை வரியும் குறைவு, பார்க்கவும் பழையதாகத் தெரியாது. அதனால்தான் எனக்குக் கூடுதல் கவலை.

வாங்கியே தீருவேன் என்பவர்கள் குறைந்தது இதையாவது செய்யுங்கள். காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பாருங்கள். விற்பவர் முன்பே ஓட்டிச் சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று திரும்பிவிடுங்கள். சாவியை முதல் நிலைக்குத் திருப்பும்போது எச்சரிக்கை விளக்குகள் எல்லாம் ஒருமுறை எரிய வேண்டும், என்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் அதுதான் எச்சரிக்கை. கியர் எண்ணெயைத் துணியில் தொட்டு நிறத்தையும் வாசனையையும் பாருங்கள். ரசீதுகளைக் கேளுங்கள். ரசீது இல்லாத பளபளப்பான காரைவிட, கீறல் விழுந்த, ரசீதுக் கட்டோடு வரும் கார் மேல். விற்பவர் சொல்லும் பட்டறைக்குப் போகாதீர்கள். உங்களுக்குத் தெரிந்த மெக்கானிக்குக்கு ஐம்பது வெள்ளி கொடுத்துக் கூட்டிப் போங்கள். இதையெல்லாம் செய்த பிறகும், காரின் விலையில் பாதியளவு பணம் தனியாகக் கையில் இல்லையென்றால் வாங்காதீர்கள். கல்விக் கடனில் வந்த பணத்தைத் தொடவே தொடாதீர்கள்.

அரசாங்கமும் இதைப் பற்றி யோசிக்கிறது. 20 ஆண்டுகளைத் தாண்டிய காரை அழிக்கக் கொடுத்துவிட்டுப் புதிய தேசியக் கார் வாங்குவோருக்கு மானியம் தருவதாக 2026 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள். விருப்பம் உள்ளவர்களுக்கு மட்டும் என்பதால் எனக்கு எதிர்ப்பு இல்லை. 2009-இல் 15 ஆண்டுகளைத் தாண்டிய வாகனங்களுக்குக் கட்டாயச் சோதனை என்று அறிவித்து, மக்கள் எதிர்த்ததும் கைவிட்டார்கள். அப்போது எதிர்த்தவர்களில் பெரும்பாலோர் நம்மைப் போன்ற குடும்பத்தினராகத்தான் இருந்திருப்பார்கள். ஆனால் இன்று நான் அந்தச் சோதனையின் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன், ஒரு திருத்தத்தோடு. வயதைப் பார்க்காதீர்கள், கைமாறும் நேரத்தைப் பாருங்கள். பெயர் மாற்றத்தின்போது புஸ்பாகோம் சோதனை இப்போதும் இருக்கிறது. ஆனால் கியர் எண்ணெய் எந்த நிறம், எச்சரிக்கை விளக்கு எரிகிறதா, பராமரிப்புப் பதிவு உண்டா என்பதையும் வாங்குபவர் கையில் ஒரு தாளாகக் கொடுக்க ஏற்பாடு வேண்டும். 30 வயது வேகன் ஒன்று நன்றாக இருக்கலாம். 12 வயதுக் கார் ஒன்று ஒரு மாணவனின் ஒரு பருவத்தை விழுங்கலாம்.

போன ஞாயிற்றுக்கிழமை நோட்டுகளைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். கார் வேண்டாம் என்று சொல்லத் தயங்கித் தயங்கி, கணக்குத் தாளையே நீட்டிவிட்டேன். பெரியப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்தார். "சாலை வரியைச் சேர்த்தியா? நல்லது. டயரை விட்டுட்ட" என்றார். உண்மைதான், விட்டுவிட்டேன்.

காரை இப்போதைக்கு யாருக்கும் கொடுப்பதில்லை என்று முடிவாகியிருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான் போய் பகலில் ஓட்டுவேன், பெரியப்பா பக்கத்தில் உட்காருவார். பெட்ரோல் அவர் செலவு, நோட்டு எழுதுவது என் வேலை. நான் வேலைக்குப் போய் ஓராண்டு ஆன பிறகு மறுபடியும் பேசலாம் என்றார். நான்காவது நோட்டில் அன்றைய வரி என் கையெழுத்தில் இருக்கிறது: 38 லிட்டர், 75 வெள்ளி 62 காசு. ஜூனில் கியர் எண்ணெய் மாற்ற வேண்டும். பட்டறைக்கு நானும் போகிறேன்.